இஞ்சின்ல குத்தம் இல்ல

ஜன்னல் ஓரத்துல நீங்களே உக்காருங்க தம்பி. நான் இந்தப் பக்கம் இருந்துக்கிடுதேன். என் மேல டீசல் வாடை அடிக்கும், காத்துப் பக்கம் இருந்தா உங்களுக்கு அவ்வளவாத் தெரியாது. குளிச்சிட்டுத்தான் கிளம்பினேன். சட்டையும் புதுசுதான். முப்பத்தொரு வருசத்து டீசல், அது சட்டையில இல்ல, தோல்ல இருக்கு.

தூத்துக்குடிதானா? நானும் அங்கதான். இந்த பஸ்காரன் திருநெல்வேலி போய்ச் சுத்திட்டுத்தான் போவான். பேச்சுத்துணைக்கு ஆள் கிடைச்சது நல்லதாப் போச்சு.

முட்டத்துல தங்கச்சியப் பாத்துட்டு வாறேன். ஒரே தங்கச்சி, பியாட்ரிஸ். மூணு மாசமா எனக்கும் அவளுக்கும் பேச்சு இல்ல. காரணம் சொன்னா சிரிப்பீங்க. சொத்துத் தகராறு கிடையாது, சம்பந்தத் தகராறு கிடையாது. ஒரு கூலர். இந்தா, இந்த முழங்கை நீளம் இருக்கும். அதுக்குள்ள ஊசி நுழையாத ஒரு பொத்தல். அதுக்குத்தான் ஒரு குடும்பம் ரெண்டாப் போயி நிக்குது. நீங்க வெளியாளு. கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, என் பக்கம் என்ன தப்புன்னு.

நான் போட்டு மெக்கானிக். மீன்பிடித் துறைமுகத்துல பெர்க்மான்ஸ்னு கேட்டா யாரும் கையக் காட்டுவாங்க. போட்டு ஜெட்டிக்கு வாறப்பவே சத்தத்த வச்சு எந்த சிலிண்டர்ல கோளாறுன்னு சொல்லிருவேன். பெருமைக்குச் சொல்லல, ஊரு சொல்லுதத சொல்லுதேன். லயோனல் மிராண்டான்னு ஒரு முதலாளி, அவருக்கு 'ஜெசிந்தா'ன்னு ஒரு விசைப்படகு. அதுக்கு டிரைவர் கஸ்பார். பியாட்ரிஸைக் கட்டினவன். என் மாப்பிள. அவன அந்தப் போட்டுல சேத்துவிட்டதே நான்தான். இத நீங்க மனசுல வச்சுக்கிடணும் தம்பி. சேத்துவிட்டது நானு.

முந்தா வருசம் மீன்பிடித் தடைக்காலத்துல முதலாளி பழைய இஞ்சினைத் தூக்கிட்டுப் புதுசு வச்சாரு. அதுலதான் இந்தக் கூலர் வந்துச்சு. டீசல் கூலர். என்னன்னா, இஞ்சினுக்குப் போற டீசல் பூராவும் எரியாது. மிச்சம் திரும்ப டேங்குக்கே வரும். வாறப்ப கொதிச்சுக்கிட்டு வரும். அதக் குளிர வைக்கத்தான் கூலர். குழாய்க்குள்ள டீசல் போவும், குழாயைச் சுத்திக் கடல்தண்ணி ஓடும். நடுவுல இருக்கது ஒரு மெல்லிசுச் செம்புத் தகடு, அவ்வளவுதான். நான் முப்பது வருசமா டீசலக் குளிப்பாட்டாமத்தான் இஞ்சின் ஓட்டிருக்கேன். ஒரு இஞ்சினும் காய்ச்சல்ல படுக்கல.

அந்தக் கூலர்ல ஒரு ஓரமாக் கம்பெனிக்காரன் ஜிங்க் கட்டை ஒண்ணத் திருகி வச்சிருந்தான். விரல் நீளம். மூணு மாசத்துக்கு ஒருக்க கழட்டிப் பாத்தா பாதி கரைஞ்சு போயிருக்கும், எலி கடிச்ச சோப்பு மாதிரி. ஒருக்க புதுசு போட்டேன். அடுத்த தடவை எனக்குக் கோவம் வந்துட்டு. கரைஞ்சு போற சாமானை எவனாவது இஞ்சின்ல வைப்பானா? சாமான் விக்கதுக்குன்னே பண்ணுத வேலை. லேத்துல குடுத்து நல்ல கனமாப் பித்தளையில ஒரு போல்ட் கடைஞ்சு வாங்கி, அந்த ஓட்டையில முறுக்கி விட்டேன். கஸ்பார்தான் டார்ச் அடிச்சுக்கிட்டு நின்னான். "புஸ்தகத்துல ஜிங்க்னு போட்டுருக்கே மச்சான்"ன்னான். "புஸ்தகம் எழுதினவன் கடலைப் பாத்திருக்க மாட்டான் மாப்பிள"ன்னேன். சிரிச்சான். இன்னிக்கு வரைக்கும் அந்தப் போல்ட் ஒரு நூல் தேயல தம்பி. வேலைன்னா அது வேலை.

போன வருசம் தடைக்காலம் முடிஞ்சு போட்டு இறங்குச்சு. ஆடி மாசம் பிடிச்சுது சனியன். ஓடிக்கிட்டு இருக்கப்பவே இஞ்சின் திக்குது. வலையை இழுக்கப்ப மூச்சு வாங்குது. கஸ்பார் கரைக்கு வந்ததும் என்னத் தேடி வந்தான். "மச்சான், பில்டர்ல தண்ணி நிக்குது"ன்னான். போயிப் பாத்தேன். டீசல் பில்டருக்கு அடியில ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருக்கும், தண்ணி கலந்திருந்தா அதுல அடியில தங்கிரும். பாதிக் கிண்ணம் தண்ணி.

சரி, டேங்க் மூடியில ரப்பர் போயிருக்கும்னு ரப்பர் மாத்தினேன். ரெண்டு நாள் நல்லா ஓடுச்சு. மூணாம் நாள் மறுபடி தண்ணி. டேங்குக்குள்ள பழைய கசடு இருக்கும்னு டேங்கக் காலி பண்ணிக் கழுவினேன். நாலு நாள். காத்துக் குழாய் வழியா அலைத்தண்ணி ஏறும்னு அந்தக் குழாயை வளைச்சு விட்டேன். மூணு நாள். இன்ஜெக்டரைக் கழட்டினா முனையெல்லாம் துரு. ஆறையும் மாத்தினேன். பம்பை மதுரைக்கு அனுப்பி வேலை பாத்தேன். நான் சும்மா இருந்தேன்னு எவனும் சொல்ல முடியாது. ஒவ்வொரு தடவையும் கஸ்பார் கூடவே நின்னு, "மச்சான், அந்தக் கூலரை ஒருக்கப் பாத்துருவமா?"ன்னு கேப்பான். எண்ணி மூணு தடவை கேட்டிருக்கான். டிரைவர் டிரைவர் வேலையைப் பாக்கணும். மெக்கானிக்குக்கு வழி சொல்லிக் குடுக்கதுக்கு அவன் யாரு? அதத்தான் சொன்னேன். வேற ஒண்ணும் மோசமாச் சொல்லல.

அதுல இன்னொரு விசயம் தம்பி. டீசல் குறையுது. ராத்திரி ஜெட்டியில போட்டக் கட்டிட்டுப் போறப்ப அளவு குச்சி விட்டா ஒரு அளவு. காலையில விட்டா அதைவிடக் கீழ. இத கஸ்பாரே வந்து முதலாளிட்ட சொன்னான். அதோட, போட்டுப் பக்கத்துல தண்ணியில வானவில் மாதிரி எண்ணெய்ப் படலம் கிடக்குன்னும் சொன்னான்.

இப்ப நீங்க யோசிச்சுப் பாருங்க. ஒரு பக்கம் டீசல் குறையுது. இன்னொரு பக்கம் டீசல்ல தண்ணி ஏறுது. பக்கத்துலயே டீசல் சிந்திக் கிடக்கு. படிச்ச ஆளு நீங்க, உங்களுக்கு என்ன தோணும்? ஆங். அதான் எனக்கும் தோணுச்சு. கேன்ல டீசலை எடுத்து வித்துட்டு, அளவு தெரியாம இருக்கதுக்குத் தண்ணி ஊத்துதான். எனக்கு மட்டுமா, ஜெட்டியில யாரக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவான்.

துறைமுக ரோட்டுல கனகமணின்னு ஒரு பொம்பள. புருசன் செத்த பெறகு அவன் வச்சிருந்த ரேடியேட்டர் பட்டறைய அவளே நடத்துதா. ஈயம் வச்சு ஓட்டையப் பத்த வைக்கதெல்லாம் அவளே. கஸ்பார் அந்தக் கிண்ணத்துத் தண்ணியை ஒரு பாட்டில்ல பிடிச்சு அவகிட்ட கொண்டு காட்டிருக்கான். எனக்குத் தெரியாம. அவ விரல்ல தொட்டு நாக்குல வச்சுப் பாத்துட்டு நேரா என் பட்டறைக்கு வந்துட்டா.

"அண்ணாச்சி, உப்பு கரிக்கி. மழைத்தண்ணியோ பங்க் தண்ணியோன்னா உப்பு இருக்காது. கூலர் பொத்தலு. ஓடுறப்ப கடல்தண்ணி டீசலுக்குள்ள வருது, நிறுத்தினா டேங்க் உசரத்துக்கு டீசல் கடலுக்குள்ள போவுது. ரெண்டுக்கும் ஒரே பொத்தல்தான். கழட்டிட்டு வாங்க, தண்ணித் தொட்டியில முக்கிக் காத்தடிச்சுப் பாத்துருவோம்."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? பட்டறையில நாலு பேரு நிக்கான். நான் சொன்னேன், "உப்புத் தண்ணியை ஊத்தினா உப்புத்தான் கரிக்கும். நடுக்கடல்ல இருக்கவன் கையில வேற என்ன தண்ணி இருக்கு?" எல்லாவனும் சிரிச்சுட்டான். அவ சிரிக்கல. "கழட்டிப் பாக்க அரை மணி நேரம் ஆவுமா அண்ணாச்சி?"ன்னு கேட்டுட்டுப் போயிட்டா. அரை மணி நேரம் கூட ஆவாது. அது இல்ல தம்பி விசயம். அவ சொல்லி நான் கழட்டணுமா?

ஆவணிக் கடைசியில முதலாளி ரெண்டு பேரையும் கூப்பிட்டாரு. ஜெட்டியில வச்சுத்தான். கஸ்பார் அந்தப் பக்கம் நிக்கான், நான் இந்தப் பக்கம். "பெர்க்மான்ஸ், மாப்பிளன்னு பாக்காம சொல்லு. இஞ்சின்ல ஏதாவது இருக்கா?"ன்னாரு.

"இஞ்சின்ல குத்தம் இல்ல முதலாளி"ன்னேன்.

அவ்வளவுதான். அந்த மாதா சத்தியமாச் சொல்லுதேன், அதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லல. திருடன்னு சொன்னனா? டீசல் வித்தான்னு சொன்னனா? இஞ்சினப் பத்திக் கேட்டாரு, இஞ்சினப் பத்திச் சொன்னேன். கஸ்பார் என்னையே பாத்துக்கிட்டு நின்னான். இடுப்புல இருந்த இஞ்சின் சாவியை எடுத்து முதலாளி கையில குடுத்துட்டு, செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டான்.

பியாட்ரிஸ் அன்னிக்கே வந்தா. "அண்ணே, நீ அவர எத்தன வருசமாப் பாக்க? ஒத்தக் காசு தூக்குத ஆளா அவரு? நீயே இப்படிச் சொன்னா ஊரு என்ன சொல்லும்?"னு அழுதா. "நான் ஒண்ணுமே சொல்லலட்டி"ன்னேன். "அதான்ணே. ஒண்ணுமே சொல்லாம விட்டுட்ட"ன்னா. பொம்பளைகளுக்கு எந்தப் பக்கம் பேசினாலும் குத்தந்தான்.

பெறகு ஒரு நாள் டீக்கடையில பேச்சு வாக்குல "கேன் கஸ்பார்"னு ஒரு வார்த்தை சொல்லிட்டேன். விளையாட்டுக்குத்தான். நம்ம பக்கம் எல்லாருக்கும் ஒரு பட்டப்பேர் உண்டும்லா, எனக்கே நாலு இருக்கு. அது பரவும்னு யாரு கண்டா? ஒரு வாரத்துல ஜெட்டி பூரா அதான் பேரு. எந்த முதலாளியும் அவனை டிரைவராச் சேக்கல. ஊரு பிடிச்சுக்கிட்டா அதுக்கு நான் என்ன செய்ய? கடைசியில ஞானையா போட்டுல வலை இழுக்க ஏறிட்டான். பதினெட்டு வருசம் சுக்கான் பிடிச்சவன், வலை இழுக்கப் போனான். நான் அதுக்காக வருத்தப்படலன்னு நினைக்காதீங்க. வருத்தப்பட்டேன்.

'ஜெசிந்தா'வுக்குப் புது டிரைவர் சூசை. அவன் வந்தும் தண்ணி நிக்கல. டேங்க்ல பழைய தண்ணி தங்கியிருக்கும்னு நான் சொன்னேன். ஒரு மாசம் ஆச்சு. முதலாளி மூஞ்சி மாறிப் போச்சு. "நீயே ஒரு நாள் கடலுக்குப் போயிப் பாரு பெர்க்மான்ஸ். கரையில நின்னு சொல்லாத"ன்னுட்டாரு. முப்பத்தொரு வருசத்துல என்ன யாரும் அப்படிச் சொன்னதில்ல. ஸ்பானர் பையைத் தூக்கிட்டு ஏறிட்டேன்.

ஐப்பசி மாசம். வாடைக்காத்து. மத்தியானம் பன்னிரண்டு மணி இருக்கும், வலையை ஏத்திட்டுத் திரும்புதோம். ரெண்டு தரம் தும்மிச்சு, நின்னுட்டு. அப்படியே நின்னுட்டு தம்பி. போட்டுக்குள்ள எட்டுப் பேரு. காத்து தீவுப் பக்கமாத் தள்ளுது. தீவைச் சுத்திப் பாறை. நங்கூரம் போட்டா அடியில பிடிமானம் இல்லாம இழுத்துக்கிட்டே போவுது. நான் கீழ இறங்கினேன். கிண்ணம் பூரா தண்ணி. வடிச்சேன். பில்டரை மாத்தினேன். கையால பம்ப் அடிச்சுக் காத்து எடுத்தேன். ஸ்டார்ட் பண்ணினா பத்து எண்ணுறதுக்குள்ள நின்னு போவுது. மறுபடி வடிச்சேன். மறுபடி நின்னுச்சு. போட்டு உருளுத உருளுல எனக்கு வாந்தி வேற. நான் கரை மெக்கானிக், எனக்குக் கடல் பழக்கம் கிடையாது. மேல சூசை கத்துதான், "அலை உடையிறது தெரியுது, சீக்கிரம் பாருங்க"ன்னு. அந்தப் பாறையில அலை உடையிற சத்தம் எனக்குக் கீழேயே கேட்டுச்சு. எந்த சிலிண்டர்னு சொல்லுத காதுக்கு அன்னிக்கு வேற எதுவுமே கேக்கல.

சூசை துணியைக் கட்டி ஆட்டினான். ஒரு போட்டு வந்துச்சு. ஞானையா போட்டு.

ஆமா. அதுலதான் அவன் இருந்தான். கயிறு போட்டாங்க. இழுக்கப்போ முதல் இழுப்புலயே கயிறு அறுந்துட்டு. ரெண்டாவது கயிறு கட்டுத நேரத்துல அவன் அங்க இருந்து இங்க தாவிட்டான். நேரா இறங்கி இஞ்சின் கிட்ட வந்தான். நான் தரையில உக்காந்திருக்கேன், சட்டையெல்லாம் வாந்தி. "மச்சான், ஒரு பழைய ஓஸ் துண்டு இருந்தாக் குடுங்க"ன்னான். வேற ஒண்ணும் கேக்கல. எடுத்துக் குடுத்தேன். கூலருக்குப் போற டீசல் குழாயக் கழட்டினான், வாற குழாயக் கழட்டினான், நடுவுல அந்த ஓஸ் துண்டைக் குடுத்து ரெண்டையும் சேத்து முறுக்கிட்டான். கூலரை விட்டே விலக்கிட்டான். பெறகு, டேங்குல இருந்து இஞ்சினுக்கு வாற குழாயைக் கழட்டி, ரெண்டு கேன் டீசலை நேரா இஞ்சினுக்குக் குடுத்தான். அவசரத்துக்குன்னு ஞானையா போட்டுல இருந்து கை மாத்தி வாங்கின நல்ல டீசல். வடிச்சான். அடிச்சான். ஸ்டார்ட் பண்ணினான்.

ஓடுச்சு.

திக்காம திணறாம ஓடுச்சு. கரை வரைக்கும் கிண்ணத்துல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. இஞ்சின் பிடிச்சதுமே அவன் கை கழுவிட்டு, "தண்ணி குடிங்க மச்சான்"னு ஒரு பாட்டிலை என்கிட்ட நீட்டிட்டு, தன் போட்டுக்குத் தாவிட்டான். வலையைப் பாதியில விட்டுட்டு வந்தவன்லா.

ஜெட்டியில முதலாளி நிக்காரு. இஞ்சின் சத்தத்தக் கேட்டதும் என் தோள்ல தட்டி, "நல்ல வேளை, நீ இருந்த"ன்னாரு. நான் என்ன சொல்லட்டும்? வாந்தி எடுத்து எடுத்து நாக்கு ஒட்டிக்கிடக்கு. பேச முடியல. பில்டரை மாத்தினது நான்தான், ஓஸ் எடுத்துக் குடுத்ததும் நான்தான், அதுலயும் பொய் ஒண்ணும் இல்ல. சூசைதான் மறுநாள் எல்லாத்தையும் முதலாளிட்ட ஒப்பிச்சிருக்கான். வாய் சும்மா இருக்காது அவனுக்கு.

மறுநாள் முதலாளியே கூலரைக் கழட்டிக் கனகமணி பட்டறைக்குக் கொண்டு போயிட்டாரு. என்னயும் வரச் சொன்னாரு. அவ ஒரு வாயை அடைச்சு, இன்னொரு வாயில சைக்கிள் பம்பை மாட்டி, தொட்டியில முக்கினா. நாலு அடி அடிச்சிருப்பா. நடுவுல இருந்து பொடிப்பொடியா, வரிசையாக் குமிழி. அவ அந்தப் பித்தளை போல்ட்டைக் கழட்டினா. உள்ள விரலை விட்டுப் பாத்தா.

"இங்க ஜிங்க் கட்டைல்லா இருக்கணும். அது கரையத்தான் வச்சிருக்கான். உப்புத்தண்ணி அதத் தின்னுட்டு இருந்தா, செம்பைத் தொடாது. அதை எடுத்துட்டதால செம்பத் தின்னுருக்கு. யாரு இந்தப் போல்ட்டை மாட்டினது?"

முதலாளி என்னையப் பாத்தாரு.

"கம்பெனியில இருந்தே அப்படித்தான் வந்துச்சு முதலாளி"ன்னேன்.

அந்த நேரத்துக்கு வாயில அதான் வந்துச்சு. நீங்க அந்த இடத்துல நின்னிருந்தா உங்களுக்கும் அதான் வந்திருக்கும். கனகமணி அந்த போல்ட்டக் கையில வச்சு உருட்டிப் பாத்தா. நம்மூர் லேத்து வேலைன்னு அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? மேசை மேல வச்சுட்டுப் பத்த வைக்கப் போயிட்டா.

முதலாளி, "அப்பம் கஸ்பார் பாவம்ல்லா பெர்க்மான்ஸ். நீயே போயிக் கூட்டிட்டு வா"ன்னாரு. நேரா தங்கச்சி வீட்டுக்குப் போனேன். "மாப்பிள, முதலாளிட்ட நான் பேசிட்டேன். நாளையில இருந்து நீ 'ஜெசிந்தா'வுக்கு வா. நான் சொன்னதுக்கு மேல அவரு ஒண்ணும் பேசல"ன்னேன். பியாட்ரிஸ் மூஞ்சியப் பாக்கணுமே தம்பி. "என் அண்ணன்லா!"ன்னு என் கையப் பிடிச்சுக்கிட்டா. அன்னிக்கு அவ வீட்டுலதான் சாப்பிட்டேன். பாறை மீன் குழம்பு. நான் போதும் போதும்ங்கேன், அவ ஊத்திக்கிட்டே இருக்கா. "தின்னுண்ணே, வாந்தி எடுத்த வயிறு, தின்னு"ன்னு. கஸ்பார்தான், "கூலரைப் பாத்தாங்களா மச்சான்?"ன்னான். "பாத்தாச்சு, சின்னப் பொத்தல்"ன்னேன்.

காலையில அவன் முதலாளியப் பாக்கப் போயிருக்கான். அவரு வாஞ்சையா, "உன் மேல தப்பு இல்லப்பா. கம்பெனிக்காரனே ஜிங்க் கட்டை வைக்காம பித்தளை போல்ட் வச்சு அனுப்பிருக்கான், உன் மச்சான் சொன்னாரு"ன்னுருக்காரு. டார்ச் அடிச்சவன்கிட்டயே சொல்லியிருக்காரு.

அவன் அங்க என்னையக் காட்டிக் குடுக்கல. அதத்தான் எனக்குத் தாங்க முடியல தம்பி. "இல்ல முதலாளி, அது அவரு மாட்டினது"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் போயி ஒத்துக்கிட்டிருப்பேன். சண்டை போட்டிருப்போம், முடிஞ்சிருக்கும். அவன் "சரிங்க முதலாளி. நான் வேலைக்கு வரல, ஊர் மாறிப் போறோம்"னுட்டு வந்துட்டான். என்னைய இப்படிக் கடனாளி மாதிரி நிக்க வச்சுட்டான்.

அன்னிக்குச் சாயங்காலம் பியாட்ரிஸ் பட்டறைக்கு வந்தா. சத்தம் போடல. ஓரமாக் கூப்பிட்டு, "அண்ணே, ஒண்ணே ஒண்ணு செய்யி. ஜெட்டிக்குப் போ. முதலாளி இருக்கப்ப, நாலு பேரு இருக்கப்ப, 'அந்த போல்ட்டை மாட்டினது நானு, கஸ்பார் மேல தப்பில்ல'ன்னு சொல்லிரு. எங்களுக்கு அத விட ஒண்ணும் வேண்டாம். நாங்க எங்கயும் போவல. இங்கேயே இருந்துக்கிடுதோம்"னா.

நான் யோசிச்சேன் தம்பி. யோசிக்கலன்னு நினைக்காதீங்க. ஆனா முப்பத்தொரு வருசம் கட்டி வச்ச பேரு. எனக்கும் பிள்ளைக இருக்கு. அந்தக் கனகமணி முன்னால நான் எப்படிப் போயி நிப்பேன்? "அவனைத்தான் முதலாளி வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டுட்டாரே, இன்னும் என்னட்டி? ஊரு நாலு நாள்ல மறந்துரும்"னேன். அவ "சரி"ன்னா. போயிட்டா. கிறிஸ்துமஸுக்கு முன்னால வீட்டைக் காலி பண்ணிட்டு முட்டத்துக்குப் போயிட்டாங்க. அங்க ஒரு போட்டுல கஸ்பார் டிரைவரா இருக்கான். அங்க அவனுக்குப் பட்டப்பேரு கிடையாது.

இங்க எனக்கு என்ன குறைஞ்சு போச்சுன்னு கேட்டா, ஒண்ணும் குறையல. முதலாளி இப்பவும் வேலை தாறாரு. கூலர் வேலைன்னா மட்டும் நேரா அந்தப் பொம்பளைகிட்ட போயிடுதாரு. போகட்டும். அது சின்ன வேலை.

மூத்தவன் நான்தான் இறங்கி வரணும்னு இன்னிக்குக் காலையில கிளம்பிட்டேன். நம்மூரு முந்திரி மக்ரூன் ஒரு பெட்டி வாங்கிட்டு, விசாரிச்சு விசாரிச்சு வீட்டைக் கண்டுபிடிச்சேன். சின்ன வீடு, கடலைப் பாக்க இருக்கு. கதவைத் திறந்தா. திட்டுவான்னு நினைச்சேன். கதவைச் சாத்துவான்னுகூட நினைச்சேன். அதுக்கெல்லாம் பதில் தயாரா வச்சிருந்தேன்.

"வாங்கண்ணே. உக்காருங்க"ன்னா.

நாற்காலிய எடுத்துப் போட்டா. தண்ணி கொண்டு தந்தா. மக்ரூனை வாங்கிட்டு, "எதுக்கு இதெல்லாம், உங்களுக்குச் சிரமம்"ன்னா. கஸ்பார் அப்பத்தான் கடல்ல இருந்து வந்தான். அவனும் பக்கத்துல உக்காந்தான். "சௌரியமா இருக்கீங்களா மச்சான்? பயணம் எப்படி?"ன்னான். மழையப் பத்திப் பேசினோம். மீன் வரத்தைப் பத்திப் பேசினோம். நான் ஏதோ சொல்லத்தான் போனேன் தம்பி. என்னன்னு எனக்குத் தெரியும். அதுக்குள்ள அவ, "சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா? உங்களுக்கு நேரமாச்சுன்னா பரவாயில்ல"ன்னா. சாப்பிட்டேன். போதும்னேன். அவ மறுபடி ஊத்தல. போதும்னா போதும்னு சட்டியை எடுத்துட்டுப் போயிட்டா.

நாப்பத்து மூணு வயசு அவளுக்கு. அவ பேசக் கத்துக்கிட்டதுல இருந்து எனக்கு 'நீ'தான். நடு ரோட்டுல வச்சு 'போண்ணே லூசு'ன்னு சொல்லுவா. என் பொண்டாட்டி முன்னால சொல்லுவா, சாமியார் முன்னால சொல்லுவா. நான் எத்தனையோ தடவை வைதிருக்கேன், மூத்தவனுக்கு ஒரு மரியாதை குடுட்டின்னு.

பஸ் ஸ்டாப்பு வரைக்கும் கூட வந்தா. வெயில்ல நின்னா. நான் பேசட்டும்னு நின்னாளா, பஸ் வரட்டும்னு நின்னாளா, எனக்குத் தெரியல. பஸ் வந்துச்சு. "பாத்துப் போயிட்டு வாங்க"ன்னா.

நான் படியில ஒரு காலை வச்சுட்டுத் திரும்பினேன். கூடப் பிறந்தவ தம்பி. தூக்கி வளத்த பிள்ள. அவளைப் பாத்து என் வாயில, "சரிங்க"ன்னு வந்துச்சு.